எல்லோருக்கும் ஓர் அறை: பொது நிறுவனங்களில் வழிபாட்டுக்கும் தியானத்துக்கும் இடம் அமைப்பது பற்றி

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது முதலில் தயங்கினேன். சிலம்பையும் கம்பனையும் கல்வெட்டுகளையும் பற்றி எழுத நம்மிடையே தகுதி படைத்த அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். நானோ கட்டட வரைபடம் போட்டே காலத்தைக் கழித்தவன். 1979இல் தில்லிக்கு வந்து, முப்பத்து நான்கு வருஷம் அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைத்தானே எழுத முடியும்? எனவே நம்மில் பலருக்கும் ஒரு நாள் தேவைப்படக்கூடிய, ஆனால் யாரும் அதிகமாக யோசிக்காத ஓர் அறையைப் பற்றி எழுதுகிறேன்.

1996 டிசம்பரில் என் தகப்பனாருக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. தில்லியின் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஐ.சி.யூ.வில் சேர்த்திருந்தோம். அம்மா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. இரவு பதினோரு மணிக்கு என்னிடம், "இங்க பக்கத்துல எங்கேயாவது ஒரு பிள்ளையார் இருக்காரா பாருடா" என்றாள். தேடிப் பார்த்தேன். வெளி வாசலில் அரச மரத்தடியில் ஓர் அனுமார் இருந்தார். அந்தப் பனிமூட்டத்தில், அந்தக் குளிரில், முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் அம்மாவால் நடக்க முடியாது. கடைசியில் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், சால்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்து கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

சற்று நேரத்தில் ஓர் இளைஞன் வந்தான். அவன் தகப்பனாரும் உள்ளேதான் இருந்தார். தோளில் இருந்த துண்டை விரித்துத் தொழ நின்றான். அம்மா தன் பையையும் செருப்பையும் சுவரோரமாக இழுத்துக்கொண்டு, "அந்தப் பையனுக்கு இடம் விடு" என்று என்னையும் தள்ளி உட்காரச் சொன்னாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, காவலர் வந்து எல்லோரையும் எழுந்து போகச் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தீ விபத்து என்றால் ஜனங்கள் இறங்க வேண்டிய படிக்கட்டு அது. அதை அடைத்து உட்காரக் கூடாது என்று கட்டட விதி எழுதுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தானே நானும். அந்த வருஷம் நான் வரைந்துகொண்டிருந்த கட்டடங்களில் கேன்டீனுக்கு இடம் இருந்தது, ஸ்டோருக்கு இருந்தது, கார் நிறுத்த இருந்தது. மனம் கலங்கிய ஒருவர் பத்து நிமிஷம் உட்கார இடம் இருக்கவில்லை. அப்பா ஐந்தாம் நாள் தவறிவிட்டார். அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கவனித்து வருகிறேன்.

தில்லியிலேயே உள்ள மூன்று பாடங்கள்

பல மதத்தினர் ஓரிடத்தில் கூடி வழிபடுவது எப்படி என்பதற்குத் தில்லியிலேயே நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. நாம் விருந்தினரைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகும் இடங்கள்தான் அவை. அமைப்பு முறைக்காக அவற்றைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, தீஸ் ஜனவரி மார்க்கில் உள்ள பழைய பிர்லா மாளிகை. காந்தியடிகள் 1947 செப்டம்பர் 9 முதல் 1948 ஜனவரி 30 வரை 144 நாள்கள் இங்கே தங்கியிருந்தார். மாலையில் பின்புறப் புல்வெளியில் பிரார்த்தனை நடக்கும். ஜப்பானிய பௌத்த மந்திரம், உபநிஷத சுலோகம், குர்ஆனின் முதல் அத்தியாயம், பார்சிகளின் வேத வரி, பஜனை, ராம நாமம் எல்லாம் அதில் இடம்பெற்றன. கூரை இல்லை, விக்கிரகம் இல்லை, ஒரு மேடை மட்டும்தான். 1973 முதல் அந்த இடம் காந்தி ஸ்மிருதி என்ற பெயரில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

ஆனால் முக்கியமான பாடம் அதற்குச் சில மாதங்கள் முன்பே நடந்துவிட்டது. 1947 ஏப்ரலில், இன்றைய மந்திர் மார்க்கில் உள்ள வால்மீகி கோயிலில் அவர் தங்கியிருந்தபோது, குர்ஆன் ஓதுவதற்குக் கூட்டத்திலிருந்து சிலர் ஆட்சேபம் தெரிவித்தார்கள். வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காந்தியின் பக்கம்தான். இருந்தும் அவர் ஆட்சேபித்தவர்களைக் கூட்டம் மிரட்டி உட்கார வைக்க விடவில்லை. குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்லவும் சம்மதிக்கவில்லை. நடந்தால் முழுப் பிரார்த்தனை, இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பொது இடத்தில் எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதாது. வெளியே நிற்கும் அந்த ஒருவர் யார் என்றும் பார்க்க வேண்டும். நான் இதைக் கட்டடக் கலைக்கான விதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, கால்காஜி பக்கம் உள்ள பஹாய் வழிபாட்டு இல்லம். நாம் தாமரைக் கோயில் என்கிறோம். ஃபரிபோர்ஸ் சாபா என்ற ஈரானியக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. 1986 டிசம்பரில் திறக்கப்பட்டது. 27 இதழ்கள், ஒன்பது பக்கங்கள், ஒன்பது குளங்கள். கட்டி முடித்தது லார்சன் அண்ட் டூப்ரோவின் ஈ.சி.சி. பிரிவு. அதன் தலைமையகம் நம் சென்னை மணப்பாக்கத்தில் இருந்தது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்படலாம்.

அங்கே எல்லோரும் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, காற்று. குளங்களின் மேல் குளிர்ந்து வரும் காற்று கீழ்த்தளத்துத் திறப்புகள் வழியே மண்டபத்துக்குள் நுழைந்து, சூடானதும் உச்சியில் உள்ள திறப்பு வழியாக வெளியேறும்படி அமைத்திருக்கிறார்கள். இன்னொன்று, வாசல். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வரும் ஜனங்களைக் கதவுக்கு முன்னால் சிறு சிறு கூட்டமாக நிறுத்தி, உள்ளே பேசக் கூடாது என்று தொண்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே விக்கிரகமோ படமோ கிடையாது. பிரசங்கம் கிடையாது. வாத்தியம் கிடையாது. எந்த மதத்தின் வேதத்தையும் ஓதலாம், பாடலாம். எவ்வளவு சந்தடியோடு வருகிற கூட்டமும் அந்த வாசலில் நின்று கேட்டதால் அடங்கிப்போகிறது. உள்ளே கடைப்பிடிக்க வேண்டிய மௌனத்துக்கு வெளியே ஒரு முன்னறை வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

மூன்றாவது யாரும் சுற்றிப் பார்க்கப் போகாத இடம்: திகார் சிறை. கிரண் பேடி அங்கே தலைமை அதிகாரியாக இருந்தபோது, 1993 நவம்பரில் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாம் ஒன்று கைதிகளுக்கும் சிறை ஊழியர்களுக்கும் சேர்த்து நடந்தது. 1975இலேயே ஜெய்ப்பூர் மத்திய சிறையில் செய்து பார்த்த காரியம்தான் இது. 1994 ஏப்ரலில் எஸ்.என். கோயங்காவே வந்து நடத்திய முகாமில் ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் 4ஆம் எண் சிறைக்குள் நிரந்தரத் தியான மையமும் ஏற்பட்டது.

விபஸ்ஸனா புத்தர் காட்டிய வழி. ஆனால் இந்துவோ முஸ்லிமோ சீக்கியரோ தம் மதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அங்கே கேட்பதில்லை. அந்தப் பத்து நாள் மட்டும் ஜபமாலை, மந்திரம், சடங்கு எல்லாவற்றையும் ஒத்திவைக்கச் சொல்கிறார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. தியானம் வேறு, வழிபாடு வேறு. ஒருவர் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் பத்துப் பேர் பஜனை பாடினால் இருவருக்கும் நிம்மதி இல்லை. அறையைப் பிரிக்க இடமில்லை என்றால் நேரத்தையாவது பிரிக்க வேண்டும். பொது அறைகளில் வருகிற சண்டைகளில் நேரம் ஒதுக்காததால் வருபவை ஏராளம்.

உலகம் கண்ட வழிகள்

இந்தப் பிரச்சினைக்கு இதுவரை மூன்று விதமாகத் தீர்வு கண்டிருக்கிறார்கள்.

முதல் வழி, தனித்தனி இடம். 2023இல் அபுதாபியில் திறக்கப்பட்ட ஆபிரகாமியக் குடும்ப இல்லத்தில் ஒரு மசூதி, ஒரு தேவாலயம், ஒரு யூத ஆலயம் மூன்றும் ஒரே வளாகத்தில், ஒரே அளவில் நிற்கின்றன. யாருக்கும் குறையில்லை. ஆனால் அதற்கு நிலமும் பணமும் வேண்டும். மூன்று மதத்துக்கு அது சரி. நம் நாட்டில் எத்தனை கட்டுவது?

இரண்டாம் வழி, ஒரே கூரையின் கீழ் எல்லாச் சந்நிதிகளும். ராணுவத்தில் வேலை பார்த்த நம் உறவினர்களைக் கேட்டால் 'சர்வ தர்ம ஸ்தல்' பற்றிச் சொல்வார்கள். பல மதத்து வீரர்கள் இருக்கும் படைப்பிரிவுகளில் மந்திர், மசூதி, குருத்வாரா, கிர்ஜா என்று பக்கம் பக்கமாக வைத்திருப்பார்கள். ராணுவத்தில் இது நன்றாகவே நடக்கிறது. காரணம், அங்கே எல்லோரும் ஒரே குடும்பம், மதபோதகர்களை ராணுவமே நியமிக்கிறது, நேரம் குறித்திருக்கிறது, கட்டளைக்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். மருத்துவமனையிலும் ரயில் நிலையத்திலும் இதில் எதுவும் கிடையாது. வருகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் வருவார்கள்.

மூன்றாம் வழி, வெற்றறை. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் டாக் ஹாமர்ஷெல்டு பொதுச்செயலாளராக இருந்தபோது, தாமே முன்னின்று 1957இல் ஒரு தியான அறையைத் திருத்தி அமைத்தார். நீளம் 30 அடி. வாசல் பக்கம் 18 அடி அகலம், மறுகோடியில் 9 அடிதான். நடுவில் சுவீடனிலிருந்து வந்த ஆறரை டன் இரும்புத் தாதுக் கல். அதன் மேல் ஒளிக்கற்றை ஒன்று விழுகிறது. எந்த மதத்தின் சின்னமும் இல்லை. அதைப் பார்த்து, பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலின் ஒரு பக்கத்துக் கட்டடத்தில் 1994இல் 'மௌன அறை' ஒன்றைத் திறந்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஏரோ சாரினென் 1955இல் கட்டிய வழிபாட்டறையும் இந்த வகைதான். ஜன்னலே இல்லாத வட்டமான செங்கல் கட்டடம். சுற்றிலும் ஆழமில்லாத அகழி. அகழி நீரில் பட்ட வெயில் சுவரின் அடிப்பக்கத்து இடைவெளி வழியே உள்ளே அசைந்துகொண்டிருக்கும்.

நம் தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முன்பே, 1872 தைப்பூசத்தன்று வடலூரில் வள்ளலார் சத்திய ஞான சபையைத் திறந்துவிட்டார். எண்கோணக் கட்டடம், விக்கிரகம் இல்லை, ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒரு ஜோதி. சாதி மத பேதம் பார்க்காத சபை அது. ஆனால் அங்கும் உள்ளே போகிறவர் புலால் மறுத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நிபந்தனையே இல்லாத பொது இடம் என்று ஒன்று கிடையாது. அந்த நிபந்தனை என்ன, ஏன் என்பதை வாசலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அரசு இடங்களுக்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. 27ஆம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று வரி கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. பொது இடங்களில் அனுமதியில்லாமல் புதிதாக வழிபாட்டுத் தலங்கள் எழக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. 1968இல் அண்ணா முதல்வராக இருந்தபோது, அரசு அலுவலகங்களில் உள்ள சாமி படங்களைப் படிப்படியாக அகற்றும்படி சுற்றறிக்கை போனதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். அகற்றுவது சுலபம். அகற்றிய பிறகு, கலங்கி நிற்கும் மனிதருக்கு எங்கே இடம் என்பதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

நான் செய்த தவறு

இவ்வளவு படித்திருந்தும் நானே முதலில் தவறினேன். ஓய்வு பெற்ற மறு வருஷம், 2014இல், ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பிரார்த்தனை அறை அமைத்துத் தர ஒப்புக்கொண்டேன். இருபது அடிக்குப் பதினாறு அடி. நல்ல எண்ணத்தோடு எதிர்ச் சுவரில் ஆறு மதங்களின் சின்னங்களைப் பித்தளையில் செய்து வரிசையாகப் பதித்தேன். திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு மாதத்தில் ஓங்காரத்துக்குக் கீழே யாரோ ஒரு பிள்ளையார் படம் கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு மாலை வந்தது, ஊதுவத்தி வந்தது, மணி வந்தது. மணி வந்ததும் முஸ்லிம் குடும்பங்கள் வருவதை நிறுத்தின. உருவப் படத்துக்கு எதிரே நின்று அவர்கள் தொழ மாட்டார்கள். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, "சார், சிலுவைக்கு முன்னால முழங்கால் போட்டா பின்னால நிக்கிறவங்க என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு" என்றாள். வரிசையில் எது நடுவில், எது ஓரத்தில் என்று இன்னொரு தகராறு. எட்டாவது மாதத்தில் நிர்வாகம் அறையைப் பூட்டிவிட்டது. படத்தை வைத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் அம்மாவே வைத்திருப்பாள். தவறு என்னுடையது. சின்னங்களைப் பதித்ததால் சுவரை ஆறு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏழாவது ஆளுக்கு இடமில்லை; மதமே வேண்டாம் என்கிறவருக்கு நிற்கவும் இடமில்லை.

2016இல் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கடவுளர்களைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, வருகிற மனிதரின் உடம்புக்கு என்ன தேவை என்று யோசித்தேன். அப்படிச் செய்ததில் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

அறை அமைக்கும் முறை

திசை. தொழுகைக்கு மக்காவை நோக்கி நிற்க வேண்டும். தில்லியிலிருந்து அது ஏறக்குறைய நேர் மேற்கு. மூன்று, நான்கு டிகிரிதான் தெற்கே சாயும். சென்னையிலோ மேற்கிலிருந்து சுமார் பதினெட்டு டிகிரி வடக்கே போகும். ஆகையால் ஓர் ஊர் வரைபடத்தை அப்படியே இன்னோர் ஊருக்கு அனுப்பக் கூடாது. நம்மவர்கள் கிழக்கு நோக்கி உட்கார விரும்புவார்கள். எனவே தில்லியில் அறையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் போட்டு, கதவை வடக்கிலோ தெற்கிலோ வைத்தால் இருவருக்கும் பொருந்தும். தொழுகிறவருக்குக் குறுக்கே யாரும் நடக்கவும் வேண்டியிராது. கூரையில் சின்னதாக ஒரு திசைக்குறி போதும்.

தரை. ஒருவர் தொழ இரண்டடிக்கு நாலடி வேண்டும். சம்மணமிட்டு உட்கார இரண்டரை அடிச் சதுரம். தரை முழுக்க ஒட்டிய கம்பளம் வேண்டாம், அழுக்கும் நாற்றமும் சேரும். மரத்தரை போட்டு, சுருட்டி வைக்கிற ஜமக்காளமும் முசல்லாவும் அலமாரியில் வைத்தால் போதும். முதியவர்களுக்குச் சுவரோரம் கைப்பிடி உள்ள நாற்காலி நான்கு. வீல்சேர் திரும்ப ஐந்தடி வட்டம். வாசலில் படியோ நிலைப்படியோ கூடாது. செருப்பு அலமாரி கதவுக்கு வெளியே, உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சோடு.

தண்ணீர். முஸ்லிம்கள் தொழுமுன் முகம், கை, கால் கழுவி ஒளு செய்ய வேண்டும். நாமும் கால் கழுவித்தானே பூஜையில் உட்காருவோம்? இடம் தராவிட்டால் கழிவறையில் கைகழுவும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பார்கள். அதில் ஒரு சண்டை. தாழ்வான குழாய், எதிரே உட்காரத் திண்டு, வழுக்காத தரை, வாட்டம் சரியான வடிகால். செலவு அதிகமில்லை. கழிவறைக்கு உள்ளே மட்டும் இது இருக்கக் கூடாது.

ஓசை. பெரும்பாலான கட்டடங்களில் தடுப்புச் சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்து அறைப் பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கும். சுவரைக் கான்கிரீட் தளம் வரை தூக்க வேண்டும். கனமான கதவு, ஓரத்தில் ரப்பர் பட்டை. அதற்காகச் சுத்தமான நிசப்தமும் ஆகாது. அழுகிறவருக்குத் தன் விசும்பல் மற்றவருக்குக் கேட்கிறதே என்று கூச்சம் வரும். மெல்லிய காற்றாடிச் சத்தம் இருந்தால் அது மறைக்கும்.

ஒளியும் நிறமும். மேற்கு ஜன்னல் தில்லி வெயிலுக்கு ஆகாது. வடக்கே உயரத்தில் பால் கண்ணாடி போட்ட ஜன்னல் நல்லது. கூட்டிக் குறைக்கக்கூடிய மஞ்சள் விளக்கு வேண்டும். ஆபீஸ் டியூப் லைட் வேண்டாம். நம் நாட்டில் காவிக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் அர்த்தம் உண்டு என்பதால் வண்ணமே பூசாமல் சுண்ணாம்பு வெள்ளை, மரம், கல் என்று நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நெருப்பும் புகையும். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் குழாய் ஓடுகிறது. கற்பூரமோ ஊதுவத்தியோ உள்ளே கூடாது. ஸ்மோக் டிடெக்டர் அலறும், ஆஸ்துமாக்காரருக்கும் கஷ்டம். விளக்கேற்றியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, முடிந்தால் வெளித் தாழ்வாரத்தில் காற்று மறைத்த ஒரு செங்கல் மாடம் கட்டிக் கொடுக்கலாம்.

நூல்கள். நல்லெண்ணத்தில் எல்லா வேதங்களையும் வாங்கி அடுக்காதீர்கள். குரு கிரந்த சாஹிபைச் சீக்கியர்கள் புத்தகமாகக் கருதுவதில்லை, உயிருள்ள குருவாகவே போற்றுகிறார்கள். அதற்கென்று ஆசனமும் விதானமும் பணிவிடையும் வேண்டும்; அலமாரியில் வைப்பது மரியாதைக் குறைவு. குர்ஆனை ஒளு இல்லாமல் தொடுவதில்லை. அவரவர் நூலை அவரவர் கொண்டுவருவதே சரி.

நிர்வாகம். அறை கெடுவது அதிகமும் இதில்தான். கதவு உள்ளிருந்து பூட்டக் கூடாது. மயங்கி விழுந்தால் தெரியும்படி குறுகலான கண்ணாடி வேண்டும். சாவி யாரிடமும் இருக்கக் கூடாது, எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். உண்டியல் கூடாது. ஒலிபெருக்கி, பிரசாரம், துண்டுப் பிரசுரம் கூடாது. கொண்டுவந்த பொருளைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். சத்தமாக ஓதவோ பாடவோ குறித்த நேரம், மற்ற நேரமெல்லாம் மௌனம். பெண்களுக்கு மறைவு வேண்டுமென்றால் இழுத்துவிடும் திரை போதும். இவை எல்லாவற்றையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே பலகையில் காரணத்தோடு எழுதி முன்னறையில் மாட்டினோம். பெயரும் 'பிரார்த்தனை அறை' என்பதிலிருந்து 'சாந்தி கக்ஷ்' என்று மாறியது. பிரார்த்திக்காதவரும் வரலாமே.

சாமி இல்லாத அறையா?

இதை நம் சங்க நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் விடவில்லை. "அய்யா, நீங்க சொல்றது முஸ்லிம்களுக்கும் தியானம் பண்றவங்களுக்கும் சௌகரியம். நமக்கு முகத்தைப் பார்த்துக் கும்பிட்டாத்தானே கும்பிட்ட மாதிரி இருக்கும்? வெறும் சுவரைப் பார்த்து என்ன சொல்றது? இதுல எங்கே சமத்துவம்?" என்றார்.

நியாயமான கேள்வி. வெற்றுச் சுவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொது அல்ல. உருவ வழிபாட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் நஷ்டம்தான். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் வெட்டவெளியில் தொங்கும் பொன் வில்வ மாலைதானே ரகசியம் என்று நான் வாதாடினேன். அவர் உடனே, "பக்கத்துலயே நடராஜர் நிக்கிறாரே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

யோசித்துப் பார்த்து, நம் ஊர் வீடுகளில் விளக்கு வைக்கும் மாடம் நினைவுக்கு வந்தது. கிழக்குச் சுவரில், உட்கார்ந்தவர் கண் உயரத்தில் இரண்டு, நின்றவர் நெஞ்சு உயரத்தில் ஒன்று என்று மூன்று வெற்று மாடங்கள் அமைத்தோம். கைப்பையில் முருகன் படம் வைத்திருப்பவர் அதில் வைத்துக் கும்பிடலாம். மாதா படமோ சிலுவையோ வைப்பவர் வைக்கலாம். போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கு நோக்கித் தொழுகிறவருக்கு அது முதுகுப்பக்கம். இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் படம் தங்கிவிடும். துப்புரவுப் பணியாளர் அதை வரவேற்பு மேஜையில் கொடுத்து வைப்பார். ராத்திரியில் சிலர் படுத்துத் தூங்கிவிடுவதும் உண்டு. ஆனால் அறையைப் பூட்டவில்லை. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு போய்ப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம்மில் பலர் இன்று பள்ளி நிர்வாகக் குழுக்களிலும், குடியிருப்போர் சங்கங்களிலும், அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும் சொன்னால் கேட்கிற பொறுப்பில் இருக்கிறோம். வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு, மொழி தெரியாத இடத்தில் துக்கத்தோடு நிற்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் புதுக் கட்டடம் எழும்பும்போது முந்நூறு சதுர அடி கேளுங்கள். மூன்று கார் நிறுத்துகிற இடம்கூட முழுசாக ஆகாது. வரைபடம் வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: கால் கழுவ எங்கே இடம்? சாவி யாரிடம்? இந்த அறைக்குள் வரத் தயங்கும் ஒருவர் இருந்தால் அவர் யார்? மூன்றாவது கேள்விக்கு அலங்காரமாகப் பதில் சொன்னால் விடாதீர்கள். அந்த ஆளையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நான் 2014இல் அதைச் செய்யவில்லை.

அம்மா அதன் பிறகு எங்களோடு தில்லியிலேயே பல வருஷம் இருந்தாள். அப்பாவின் திவசம் வரும்போதெல்லாம், "அந்தப் பையனோட அப்பா பிழைச்சாரோ, என்னவோ" என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. படிக்கட்டிலிருந்து எழுப்பிவிட்டபின் அவன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் போய்விட்டோம்.